ரூல்ஸ் எப்படிங்க அர்த்தம் சொல்லும்? அது வெறும் கணக்கு தானே?

நீங்க கேட்டது இது தான்: கேம்ல அர்த்தம்னு ஏதாவது இருந்தா அது கதைல, வசனத்துல, நடுவுல ஓடுற கட்சீன்ல தானே இருக்கும், ரூல்ஸ்ங்கறது வெறும் கூட்டல் கழித்தல், அது எப்படி ஒரு விஷயத்த "சொல்லும்", அப்படியே சொல்லுதுன்னு வச்சுகிட்டாலும் டெட்ரிஸ் (மேல இருந்து விழுற துண்டுகள அடுக்கி வரிசைய நிரப்புற கேம், நிரம்பின வரிசை மறைஞ்சிடும்) என்ன சொல்லுது? கடைசி கேள்வி கொஞ்சம் நக்கலா வந்து விழுந்த மாதிரி இருந்துச்சு, பரவால்ல, அதுக்கும் வரேன்.

என் பதில், அந்த கூட்டல் கழித்தல் தான் பேசுது. ஒரு கேம் எத செஞ்சா உங்களுக்கு குடுக்குது, எத செஞ்சா உங்ககிட்ட இருந்து புடுங்குது, எத செய்ய பட்டனே வைக்காம விட்டிருக்கு, இத பாத்தாலே அந்த கேம் உலகத்த எப்படி பாக்குதுன்னு புரிஞ்சிடும். கதை வாய்ல என்ன வேணா சொல்லிக்கலாம், விளையாடுறவன் அரை மணி நேரத்துல கணக்க புடிச்சிடுவான், அதுக்கப்புறம் அவன் நம்புறது கணக்க தான். பெரியவங்க "பொய் சொல்லக்கூடாது"ன்னு சொல்லிட்டு, போன் வந்தா "நான் வீட்ல இல்லன்னு சொல்லு"ன்னு பையன்கிட்ட குடுப்பாங்க பாருங்க, பையன் எத கத்துக்குவான்னு தனியா சொல்லணுமா.

முதல்ல மோனோபோலி, இடம் வாங்கி வாடகை வசூல் பண்ற போர்டு கேம். இதோட மூலத்த உருவாக்கினது எலிசபெத் மேகின்னு ஒரு அமெரிக்கப் பெண், 1904ல பேடன்ட் கிடைச்சப்ப அதுக்கு பேரு தி லேண்ட்லார்ட்ஸ் கேம். அவங்க ஹென்றி ஜார்ஜ்ங்கற பொருளாதார சிந்தனையாளரோட கருத்துல ஊறினவங்க. ஜார்ஜ் என்ன சொன்னார்னா, நிலத்தோட மதிப்பு ஏறுறது ஊர்ல எல்லாரும் சேர்ந்து உழைக்கறதால, ஆனா வாடகை போறது ஒருத்தர் பாக்கெட்டுக்கு, அதனால வரிய நிலத்து மதிப்பு மேல போடுங்கன்னார். மேகி இத மேடைல பேசாம போர்டுல வரைஞ்சு வச்சாங்க. அதுலயும் அவங்க புத்திசாலித்தனம் என்னன்னா ரெண்டு செட் ரூல்ஸ் வச்சது. ஒண்ணுல மத்தவங்கள ஓட்டாண்டி ஆக்கினா நீங்க ஜெயிக்கலாம். இன்னொண்ணுல யாராவது புதுசா இடம் வாங்கினா எல்லாருக்கும் பங்கு வரும், இருக்கறதுலயே கம்மி காசோட ஆரம்பிச்சவர் அத ரெட்டிப்பாக்கிட்டா ஆட்டம் முடிஞ்சது, எல்லாருமே ஜெயிச்சவங்க. போர்டு அதே, பகடை அதே, உக்காந்திருக்கற ஆளுங்களும் அதே, ரூல மட்டும் மாத்தினா ஒரு தடவ ஒருத்தர ஒருத்தர் கடிச்சு தின்னுறோம், இன்னொரு தடவ பக்கத்துல இருக்கறவன் நிலம் வாங்கினா நமக்கு சந்தோஷமா இருக்கு. கதை எங்க மாறுச்சு? எங்கயும் மாறல.

அப்புறம் நடந்தது தெரிஞ்சிருக்கும், 1935ல பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி சார்லஸ் டாரோங்கறவர் தன்னோடதுன்னு கொண்டு வந்த மோனோபோலிய வெளியிட்டாங்க, மேகியோட பேடன்ட்ட 500 டாலருக்கு வாங்கிகிட்டாங்க, உலகம் முழுக்க போனது கடிச்சு தின்னுற ரூல்ஸ் மட்டும். கண்டனமா பண்ண கேம் கொண்டாட்டமா மாறிடுச்சுன்னு எல்லாரும் எழுதுறாங்க, எனக்கு அது முழுசா சரின்னு தோணல, ஏன்னா கண்டனம் இன்னும் உள்ளயே தான் உக்காந்திருக்கு. நீங்க ஆடினப்ப யோசிச்சு பாருங்க. ஒருத்தர்கிட்ட ஒரே கலர் இடம் மொத்தமும் சேர்ந்துடும், வாடகை ஏறும், அந்த வாடகைல வீடு கட்டுவார், வாடகை இன்னும் ஏறும், அதுல அடுத்த வீடு. பாதி ஆட்டத்துலயே யார் ஜெயிக்கப்போறாங்கன்னு மேஜைல இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சிடும், ஆனா ஆட்டம் முடியாது. தோக்கப்போறவன் இன்னும் ஒரு மணி நேரம் பகடை உருட்டி, இடத்த அடமானம் வச்சு, வீட்ட பாதி விலைக்கு வித்து, கொஞ்சம் கொஞ்சமா கரையணும், அந்த கடைசி ஒரு மணி நேரம் சரியான அறுவைன்னு எல்லாருக்கும் தெரியும். பொழுதுபோக்கா பாத்தா அது டிசைன்ல கோளாறு தான், ஒத்துக்கறேன். மேகியோட வாதமா பாத்தா அந்த அறுவை தான் வாதமே. ஒருத்தன் கைல எல்லாம் சேர்ந்ததுக்கப்புறம் மத்தவங்க திறமைக்கு அங்க வேலையே இல்லங்கறத ஒரு கட்டுரை எழுதி புரிய வைக்கலாம், இது உங்கள உக்கார வச்சு அனுபவிக்க வைக்குது.

இதுல இன்னொரு வேடிக்கை, நிறைய பேர் ஆடுறது உண்மையான மோனோபோலியே இல்ல. ஃப்ரீ பார்க்கிங் கட்டத்துல நின்னா ரூல் புக் படி ஒண்ணுமே கிடைக்காது, ஆனா அபராத காசெல்லாம் நடுவுல போட்டு வச்சு அங்க வந்து நிக்கறவனுக்கு அள்ளிக் குடுப்பாங்க. அதே மாதிரி ஒருத்தர் இடம் வாங்கலன்னா பேங்க் உடனே ஏலம் விடணும், அதையும் நிறைய பேர் பண்றதில்ல. இதனால என்ன ஆகுதுன்னா, முங்கிகிட்டு இருக்கறவனுக்கு திடீர்னு லாட்டரி அடிக்கும், ஆட்டம் இன்னும் நீளும். யாரும் சொல்லிக்குடுக்காம ஜனங்களே அந்த கேமோட கொடுமைய கொஞ்சம் தணிச்சு வச்சிருக்காங்க, அதாவது அர்த்தத்த திருத்தியிருக்காங்க. ரூல்ஸ்ல அர்த்தம் இல்லன்னா எதுக்கு இப்படி திருத்தணும்னு ஒருத்தருக்கு தோணப்போகுது?

சரி, முடிவெடுக்கற வேலையே இல்லாத ஆட்டம்னா? பாம்பு ஏணி, நம்ம பரமபதம். அந்த காலத்து இந்தியப் பலகைகள்ல ஏணி ஒவ்வொண்ணுக்கும் ஒரு நல்ல குணத்தோட பேரு, பாம்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாவத்தோட பேரு, உச்சில மோட்சம். 19ம் நூற்றாண்டு கடைசில இங்கிலாந்துக்கு போய் போகப்போக பேரெல்லாம் உதிர்ந்து குழந்தைங்க பொம்மையா ஆயிடுச்சு. ஆனா எனக்கு எப்பவும் உறுத்துறது வேற. பலகைல எழுதியிருக்கறது "நல்லவனா இரு"ன்னு, பகடை சொல்றது "உன் கைல ஒண்ணுமே இல்ல"ன்னு. நீங்க பொறுமைசாலியா இருந்ததால ஏணி ஏறல, நாலு விழுந்துச்சு, ஏறினீங்க. இத முரண்பாடுன்னு சொல்றதா, இல்ல வினைப்பயன் நம்ம கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்ங்கறத சொல்ல இத விட பொருத்தமான ரூல் கிடையாதுன்னு சொல்றதா, எனக்கு ரெண்டாவது பக்கம் தான் சாயத் தோணுது.

வீடியோ கேம்ல ஒண்ண மட்டும் கிட்டப் போய் பாக்கலாம், பேப்பர்ஸ் ப்ளீஸ். லூகாஸ் போப்ங்கறவர் ஏறக்குறைய தனியாளா பண்ணி 2013ல வந்தது. 1982, ஆர்ஸ்டோட்ஸ்கான்னு ஒரு கற்பனை நாடு, நீங்க எல்லைச் சாவடில பாஸ்போர்ட் பாக்கற ஆள். ஒருத்தர சரியா பாத்து அனுப்பினா 5 கிரெடிட். நேரம் ஓடிகிட்டே இருக்கும், ஷிஃப்ட் முடிஞ்சதும் வீட்டுக் கணக்கு வரும்: வாடகை, சாப்பாடு, ஹீட்டிங். மனைவி, மகன், மாமியார், மாமா, இவங்க யாரோட முகமும் அந்த திரைல கிடையாது, பேரு பக்கத்துல ஒரு வார்த்தை மட்டும், பசி, குளிர், நோய். ஒரு நாள் அந்த வார்த்தை செத்துட்டாங்கன்னு மாறியிருக்கும். அவ்ளோ தான், மியூசிக் கூட மாறாது.

அதுல ஒரு கட்டம் வரும். ஒருத்தர் வர்றார், எல்லா பேப்பரும் சரியா இருக்கு, ஸ்டாம்ப் குத்துறீங்க, போகும்போது அடுத்து என் மனைவி வர்றா கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு போவார். அந்தம்மா வந்தா நுழைவு அனுமதி இல்ல, திரும்பிப் போனா கொன்னுடுவாங்கன்னு சொல்லுவாங்க. இப்ப இத ஒரு சினிமால பாத்தா "ஐயோ பாவம் விட்டுடுப்பா"ன்னு ஈஸியா சொல்லிடுவோம். இங்க நீங்க என்ன பண்ணுவீங்கன்னா, உங்களுக்கே தெரியாம மனசுல எண்ணுவீங்க, இன்னைக்கு எத்தன தப்பு பண்ணியிருக்கேன்? ஏன்னா ஒரு நாளைக்கு முதல் ரெண்டு தப்புக்கு வெறும் எச்சரிக்கை தான், மூணாவதுல இருந்து தான் சம்பளத்துல பிடிப்பாங்க. எச்சரிக்கை பாக்கி இருந்தா விட்டுடுவீங்க. ஏற்கனவே தேதி சரியா பாக்காம ரெண்டு தப்பு பண்ணியிருந்தீங்கன்னா, அந்தம்மா முகத்த பாக்காம சிவப்பு ஸ்டாம்ப் குத்துவீங்க. இரக்கம் ஒரு நாளைக்கு ரெண்டுன்னு ரேஷன்ல வந்திடுச்சு, அதையும் உங்க அஜாக்கிரதைல செலவு பண்ணிட்டீங்க. கொடுங்கோலாட்சி எப்படி நடக்குதுங்கறதுக்கு கெட்டவன் ஒருத்தன காட்டவே இல்ல பாருங்க, ஒரு சம்பள விகிதம், ஒரு கடிகாரம், பேப்பரெல்லாம் பரப்பி வைக்க இடம் பத்தாத ஒரு மேஜை. அப்புறம் ஒரு காவலாளி வந்து ஆளுங்கள கைது பண்ணா எனக்கு போனஸ், உனக்கும் பங்கு தரேன்பான். அன்னைல இருந்து, சும்மா திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய ஆளயெல்லாம் கைது பட்டன்ல தள்ளிகிட்டு இருந்தேன் நான், மாமாவுக்கு மருந்து வாங்கணும்ல. மூணு நாள் கழிச்சு தான் எனக்கே உறைச்சுது.

கணக்கும் கதையும் ஒத்துப்போகாத இடத்துல என்ன ஆகும்னு பாக்கணும்னா பயோஷாக். 2007ல வந்த வீடியோ கேம், பிரமாதமான உலகம், அதுல லிட்டில் சிஸ்டர்ஸ்னு சின்ன பொண்ணுங்க. அவங்க உடம்புல இருக்கற, உங்க சக்திய ஏத்திக்க உதவுற ஆடம்ங்கற பொருள முழுசா உறிஞ்சினா பொண்ணு செத்துடும், உங்களுக்கு 160 கிடைக்கும். காப்பாத்தினா 80 தான். கேட்டா சரியான தர்மசங்கடம் மாதிரி இருக்கும். ஆனா மூணு பேர காப்பாத்தினா 200 ஆடம் பரிசா வந்து நிக்கும். போட்டுப் பாருங்க, மூணு பேர கொன்னா 480, காப்பாத்தினா 240ம் 200ம் சேர்ந்து 440. 40 தான் வித்தியாசம், அந்தப் பரிசுல வேற சில நல்ல சாமானும் இருக்கும். இது தெரிஞ்ச நிமிஷமே தர்மசங்கடம் செத்துப்போச்சு, நல்லவனா இருக்கறதும் ஒரு சேமிப்புத் திட்டம் ஆயிடுச்சு, கொஞ்சம் லேட்டா முதிர்வடையும், அவ்ளோ தான். அதே வருஷம் கிளின்ட் ஹாக்கிங்ங்கற டிசைனர் இந்த கேம வச்சு தான், விளையாட்டு ஒண்ணு சொல்லுது கதை ஒண்ணு சொல்லுதுங்கறதுக்கு லூடோநரேட்டிவ் டிசொனன்ஸ்னு ஒரு பேரு வச்சார். வாய்ல நுழையாத பேரு, ஆனா நிலைச்சிடுச்சு. அவர் பிரச்சனை பண்ணது இந்த 40 ஆடம் பத்தி இல்ல: ரூல்ஸ் உன் நலன மட்டும் பாருன்னு தூண்டுது, ஆனா கதைல இன்னொருத்தனுக்கு உதவறத தவிர உனக்கு வழியே வைக்கலன்னார்.

இத நான் கிண்டல் பண்றதுக்கு எனக்கு யோக்கியத இல்ல, நானே இதே தப்ப பண்ணியிருக்கேன். சில வருஷம் முன்னாடி பொழுதுபோக்கா ஒரு கார்டு கேம் ப்ரோட்டோடைப் பண்ணேன், நாலு பேர் ஒரு படகுல மாட்டிகிட்டாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் கொஞ்சம் சாப்பாட்டு கார்டு, விட்டுக்குடுக்கறத பத்தி பேசணும்னு ஆசை. அதனால அடுத்தவருக்கு ஒரு கார்டு குடுத்தா ரெண்டு "நன்மை" பாயிண்ட்னு வச்சேன். ஆடினவங்க எல்லாரும் வாரி வாரி குடுத்தாங்க, ஒருத்தன் பசிக்காதவன் கைல கார்ட திணிச்சுகிட்டு இருந்தான், பாயிண்டுக்காக. படகு மாதிரியே இல்ல, சந்தை மாதிரி இருந்துச்சு. கடுப்புல பாயிண்ட எடுத்துட்டேன், குடுத்தா குடுத்தவனுக்கு ஒண்ணும் கிடையாது, ஒரு கார்டு போச்சு, அவ்ளோ தான். அடுத்த ஆட்டத்துல கிட்டத்தட்ட யாருமே குடுக்கல, கடைசி சுத்துல மட்டும் ஒருத்தி தன்கிட்ட மிச்சம் இருந்த ஒரே கார்ட எதிர்ல இருந்தவனுக்கு தள்ளிட்டு, தான் அவுட்னு பின்னாடி சாஞ்சு உக்காந்துட்டா. வாங்கினவன் அத எடுக்காம கொஞ்ச நேரம் பாத்துகிட்டே இருந்தான். அந்த கேம் முடிக்கவே இல்ல நான், ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துக்காக அத தூக்கியும் போடல. கூலி குடுத்தா அது விட்டுக்குடுக்கறது இல்ல, வியாபாரம்னு எனக்கு புத்தகத்துல படிச்சப்ப புரியல, ஒரு ரூல அழிச்சப்ப தான் புரிஞ்சுது.

சிஸ்டம் மூலமா வாதம் பண்றதுக்கு ப்ரொசீஜரல் ரெட்டரிக்னு இயான் போகோஸ்ட் 2007ல பேரு வச்சார், நீங்க தேடிப்பாத்தா இந்த வார்த்தை தான் எங்கயும் வரும். அதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் 2003ல கொன்சாலோ ஃப்ராஸ்கா குழு பண்ண செப்டம்பர் 12த்ங்கற கேம். மேல இருந்து ஒரு ஊர பாப்பீங்க, தீவிரவாதியும் பொதுமக்களும் கலந்து நடந்துகிட்டு இருப்பாங்க, உங்ககிட்ட ஏவுகணை மட்டும். குறி வச்சு அடிச்சாலும் அது போய் விழ கொஞ்சம் நேரமாகும், அதுக்குள்ள யாராவது குறுக்க வந்துடுவாங்க, செத்தவங்களுக்கு அழுறவங்க எழுந்திருக்கும்போது தீவிரவாதியா மாறியிருப்பாங்க. ஸ்கோர் இல்ல, முடிவு இல்ல. சுடாம இருக்கறது தான் ஒரே உருப்படியான ஆட்டம்.

இங்க ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கு, அத மறைக்கக்கூடாது. அழுறவன் தீவிரவாதி ஆவான்னு கோட்ல எழுதினது டிசைனர், ஆனதும் "பாத்தியா, இப்படித்தான் ஆகும்"ன்னா அது எப்படி நிரூபணம்? ஆகாது தான். ரூல் ஒரு கருத்து, கருத்துன்னு சொல்லிக்காத கருத்து, அதனால தான் அது கொஞ்சம் ஆபத்தும் கூட. செப்டம்பர் 12த்லயாவது வாதம் பண்றாங்கன்னு அப்பட்டமா தெரியும். 1989ல வந்த, நகரம் கட்டுற கேமான சிம்சிட்டிய பாருங்க, வில் ரைட் அத பண்ணும்போது ஜே ஃபாரஸ்டர்ங்கற ஆய்வாளரோட கம்ப்யூட்டர் நகர மாடல்கள்ல இருந்து எடுத்துகிட்டார், அந்த மாடல்களுக்கே அப்பவே நிறைய எதிர்ப்பு இருந்துச்சு. கேம்ல குடியிருப்பு ஒரு கட்டம், கடை ஒரு கட்டம், தொழிற்சாலை ஒரு கட்டம், கீழ கடை மேல வீடுன்னு ஒண்ணு கட்டவே முடியாது. வரிய ஏத்தினா ஜனங்க ஓடிடுவாங்க. ரோடே இல்லாம வெறும் ரயில் மட்டும் போட்டு ஊர் முழுக்க கட்டலாம், டிராஃபிக்கும் இல்ல வண்டிப் புகையும் இல்ல, சொர்க்கம். நூறு மணி நேரம் ஆடினவனுக்கு இதெல்லாம் ஒருத்தரோட அபிப்பிராயம்னு தோணாது, நகரம்னா இப்படித்தான்னு தோணும். வசனத்துல சொல்லியிருந்தா எதிர்த்துப் பேசியிருப்பான். ரூல்ல இருக்கறதால அத வச்சு ஜெயிக்கப் பாப்பான்.

2011ல மிகேல் சிகார்ட்ங்கற ஆய்வாளர் வேற பக்கத்துல இருந்து அடிச்சார், நீங்க ரூல்ஸ் ரூல்ஸ்னு சொல்லி விளையாடுறவன மறந்துட்டீங்க, அர்த்தம் ஆட்டத்துல பிறக்குது, ரூல் புக்ல தூங்கிகிட்டு இல்லன்னு. நான் பாதி அவர் கட்சி. ஃப்ரீ பார்க்கிங் காச பாத்தோமே.

கை பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா பட்டனும் ரூல் தான். பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ், 2013, ஆடாதவங்க இந்தப் பத்திய தாண்டிப் போங்க, ஸ்பாய்லர். கன்ட்ரோலரோட இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி. தம்பிக்கு தண்ணின்னா பயம், அண்ணன் முதுக புடிச்சுகிட்டு தான் நீந்துவான். கடைசில அண்ணன் செத்ததுக்கப்புறம் தம்பி தனியா தண்ணி ஓரம் வந்து நிப்பான், வலது பட்டன அழுத்தினா இறங்க மாட்டான். பல மணி நேரமா அண்ணனுக்காக வச்சிருந்து இப்ப சும்மா கிடக்கற இடது விரல அழுத்தணும், அப்ப தான் நீந்துவான். ஒரு வார்த்தை வசனம் இல்ல. புரியற மொழில வசனமே இல்லாத கேம் அது, மொத்தமும் கற்பனை பாஷை.

இப்ப டெட்ரிஸ். 1984ல மாஸ்கோல அலெக்ஸி பஜிட்னோவ் பண்ணது. 90கள்ல ஒரு ஆய்வாளர் இத, மூச்சு முட்ட வேலை பாக்கற அமெரிக்க வாழ்க்கையோட உருவகம்னு எழுதி, சோவியத்ல பிறந்த கேம்ல அமெரிக்காவ தேடுறியான்னு நல்லா வாங்கிக் கட்டிகிட்டாங்க. அவங்க சொன்னது மிகை தான், டெட்ரிஸ் அமெரிக்காவ பத்தியும் இல்ல, ரஷ்யாவ பத்தியும் இல்ல. ஆனா அதோட ரூல்ஸுக்கு ஒரு வடிவம் இருக்கு: சரியா பண்ண வேல மறைஞ்சிடும், தப்பு மட்டும் அடுக்கி நிக்கும், நல்லா பண்ணா பரிசா வேகம் ஏறும், ஜெயிக்கற இடம்னு ஒண்ணு வைக்கவே இல்ல. இந்த வடிவம் யார் வாழ்க்கைக்கு பொருந்துதோ அவங்க அதுல அத பாப்பாங்க, பாக்காதேன்னு சொல்ல முடியாது, பாத்தே ஆகணும்னும் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த "ஜெயிக்கற இடம் இல்ல"ங்கறதுக்கு ஒரு பின்கதை இருக்கு. 1989ல வந்த நிண்டெண்டோ வெர்ஷன்ல லெவல் 29 வந்தா பீஸ் விழுற வேகத்துக்கு கை ஈடு குடுக்காது, அது தான் எல்லைன்னு ரொம்ப வருஷம் நம்பினாங்க. அப்புறம் ஆளுங்க பட்டன அழுத்துற விதத்தையே மாத்தினாங்க, கட்டை விரல பட்டன் மேல அசையாம வச்சுகிட்டு கன்ட்ரோலர பின்னாடி இருந்து மத்த விரல்களால தட்டுறது, இத ரோலிங்னு சொல்றாங்க, 29 எல்லாம் சாதாரணமாச்சு. 2023 டிசம்பர்ல 13 வயசு பையன் ஒருத்தன் லெவல் 157 வரைக்கும் போனான், அங்க கேமோட கோடே திணறி திரை அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. மேல இருந்து அடுத்த பீஸ் வரல.